ரஸ்தாளிக் கன்று 60 ரூபாய், வாங்கலாமா?

வாசகர் கேள்வி, 9 ஜனவரி 2022

தாம்பரம் பக்கம் வீடு. பின்னால் 30 அடிக்கு 12 அடி மண் தரை சும்மா கிடக்கிறது. குளியலறைத் தண்ணீர் அந்தப் பக்கம்தான் போகிறது. நாலு வாழை வைக்கலாம் என்று ஆசை. வண்டியில் கன்று விற்பவர் ரஸ்தாளி ஒன்று 60 ரூபாய் என்கிறார், நாலும் எடுத்தால் 200. மூன்றடி உயரம், இலை அகலமாகப் பச்சென்று இருக்கிறது. வீட்டில் எல்லாருக்கும் ரஸ்தாளிதான் பிடிக்கும். வாங்கிவிடலாமா? வாழைதானே, நட்டால் வந்துவிடும் என்கிறார் அப்பா.

9 ஜனவரி 2022, இரவு

வாங்காதீர்கள். விலைக்காகச் சொல்லவில்லை. இலை அகலமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகச் சொல்கிறேன்.

வாழையின் பக்கக்கன்றில் இரண்டு வகை. அடி பருத்து, மேலே போகப் போகச் சிறுத்து, இலை வாள் போல ஒல்லியாக நிற்பது ஈட்டிக் கன்று. அதற்குக் கனமான சொந்தக் கிழங்கு இருக்கும். சின்னதாக இருக்கும்போதே அகல இலை விட்டுச் செழிப்பாகத் தெரிவது நீர்க்கன்று. அதன் கிழங்கு சிறியது, தாயோடு பிடிப்பும் குறைவு. பார்க்க அழகாக இருப்பது நீர்க்கன்றுதான், அதனால் அதுதான் வண்டியில் ஏறுகிறது. கிழங்கோடு சேர்த்து ஒன்றரையிலிருந்து இரண்டு கிலோ இருக்க வேண்டும். கையில் தூக்கிப் பாருங்கள். அடியில் கனம் இல்லாமல் தலை மட்டும் ஆடினால் விட்டுவிடுங்கள்.

அப்பா சொல்வது சரிதான், நட்டால் வரும். கன்றோடு கூடவே கிழங்குக்குள் இருக்கிற புழுவும் பூஞ்சையும் வரும். அது எந்தத் தோட்டத்துக் கன்று, தாய்மரம் எப்படி இருந்தது என்று வண்டிக்காரரிடம் கேட்டீர்களா?

10 ஜனவரி 2022

நேற்றுச் சுருக்கமாக முடித்துவிட்டேன். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதையும் எழுத வேண்டும்.

எங்கள் வீடு லால்குடி பக்கம். சுற்றிலும் வாழை. அப்படி இருந்தும் 2019இல் வாசலுக்கு வந்த வண்டியில் ஆறு ரஸ்தாளிக் கன்று வாங்கினேன். அத்தை (என் மாமியார்) அப்போது ஊரில் இல்லை. ஆறும் நன்றாக எழுந்து வந்தன. ஏழாம் மாதம் ஒரு மரத்தின் அடி இலை ஓரத்திலிருந்து மஞ்சளானது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். ஒரு வாரத்தில் அடுத்த இலை, அதற்கடுத்த இலை. மஞ்சளான ஒவ்வொரு இலையும் மட்டை தண்டோடு சேரும் இடத்தில் ஒடிந்து தொங்கியது. கடைசியில் தண்டைச் சுற்றிப் பாவாடை கட்டினது மாதிரி இலைகள் தொங்க, நடுக்குருத்து ஒன்று மட்டும் நின்றது. அடித்தண்டு நெடுக்காக வெடித்திருந்தது. வெட்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் செம்பழுப்புக் கோடு.

வாடல் நோய். பனாமா வாடல் என்று எழுதுவார்கள். ஆறில் ஒன்று கூடத் தார் போடவில்லை. மரம் போனதைவிட மண் போனதுதான் எனக்கு ஆறவில்லை. அந்தப் பூஞ்சை 20 ஆண்டுக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்கக் கூடியது. கொல்லையின் அந்த மூலையில் இனி என் காலத்தில் ரஸ்தாளி வைக்க முடியாது. ஒரு காலத்தில் உலகச் சந்தை முழுக்க இருந்த குரோ மிஷேல் ரகத்தை 1950களிலும் 60களிலும் ஏற்றுமதித் தோட்டங்களிலிருந்து துடைத்தெடுத்ததும் இதே பூஞ்சைதான்.

உங்கள் 12 அடி மண்ணில் இதுவரை வாழையே இருந்ததில்லை என்றால் அது சுத்தமான மண். 200 ரூபாய்க்காக அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

10 ஜனவரி 2022, இரவு

கத்திச் சோதனையைச் சொல்ல விட்டுப்போனது. கன்றை வாங்கும் இடத்திலேயே கிழங்கின் அடியில் ஒரு சீவல் சீவச் சொல்லுங்கள். நல்ல கிழங்கு, சீவிய தேங்காய்ப் பத்தை மாதிரி வெள்ளையாக ஈரமாக இருக்கும். செம்பழுப்புப் புள்ளியோ வளையமோ தெரிந்தால் வாடல். கறுப்பாகத் துளை ஓடியிருந்தால் கிழங்குக் கூன்வண்டு. வேரில் கறுத்த தழும்பு இருந்தால் நூற்புழு. சீவ விடாதவரிடம் வாங்க வேண்டாம்.

13 ஜனவரி 2022

அப்படியானால் எந்த ரகம் வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் முதல் ஓட்டு பூவனுக்கு. ரஸ்தாளி செத்த அதே மூலையில் 2020இல் பூவன் வைத்தேன். இன்று மறுதாம்பு (தாய் வெட்டிய பிறகு அதன் கன்றிலிருந்து வளர்ந்த மரம்) நிற்கிறது, மஞ்சள் தட்டவில்லை. ரஸ்தாளியைக் கொல்லும் வாடல் பூவனை எளிதில் தொடாது. 12லிருந்து 14 மாதத்தில் தார். பழம் சின்னது, கொஞ்சம் புளிப்போடு தித்திக்கும். இலை அகலம், சாப்பாட்டு இலைக்கு இதைவிட நல்லது இல்லை. பூவும் தண்டும் சமையலுக்கு ஆகும். குறை ஒன்று உண்டு, இலையில் மஞ்சள் கோடு கோடாக விழும் நச்சுயிரி. அதனால் பூவனுக்கும் தாய்மரம் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

கற்பூரவள்ளி நல்ல தித்திப்பு, ஆனால் ஆள் நெடிது. 14லிருந்து 16 மாதம் ஆகும், வாடலும் வரும். மொந்தன் கறிக்கு, பொரியலுக்கு, பஜ்ஜிக்கு. ஏலக்கி கைக்குள் அடங்கும் பழம், குழந்தைகள் உள்ள வீட்டுக்கு நல்லது. செவ்வாழைக்கு ஒன்றரை ஆண்டு பொறுமை வேண்டும். நேந்திரன் 10, 11 மாதத்தில் வந்துவிடும். ஆனால் வீட்டில் சிப்ஸ் போடுபவர்களுக்கும் கேரளச் சமையல் பழகியவர்களுக்கும்தான் அது பயன்படும்.

ஜி9 (கிராண்ட் நைன் என்ற ரகம்) பற்றி: திசு வளர்ப்புக் கன்று, குட்டை, 11, 12 மாதத்தில் பெரிய தார். ஒரு முழத் தொட்டிச் செடியாக, ஐந்தாறு இலையோடு வரும். ஆய்வகத்தில் வளர்த்ததால் நூற்புழுவும் வண்டும் இல்லாமல் வரும். நச்சுயிரி இல்லை என்று சோதித்துச் சான்று பெற்றதா என்று கேட்டு வாங்குங்கள். ரஸ்தாளியின் வாடல் அதைத் தொடாது. ஆனால் அதையே தாக்கும் புதிய வகைப் பூஞ்சை பீகாரிலும் உத்தரப்பிரதேசத்திலும் வந்துவிட்டது. எனக்கு அந்தப் பழத்தின் ருசி பிடிக்காது, அது என் நாக்கு. ஒரே நாளில் எட்டு ஒன்பது சீப்பு பழுத்தால் நாலு பேர் உள்ள வீடு என்ன செய்யும் என்பதையும் யோசியுங்கள்.

14 ஜனவரி 2022

பொங்கலுக்கு இன்று பூவனில் ஐந்து நுனி இலை அறுத்தேன். நேற்று இலையைப் புகழ்ந்ததோடு இதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்: இலைக்கும் தாருக்கும் ஒரே மரத்தை நம்பக் கூடாது. குலை தள்ளும்போது மரத்தில் குறைந்தது எட்டு நல்ல இலையாவது இருந்தால்தான் காய் திரளும். அத்தை ஒவ்வொரு அமாவாசைக்கும் இலை அறுப்பார், அதற்கென்றே ஓரத்தில் ஒரு வாழைக் கட்டை (தாயும் கன்றுமாக நிற்கும் கூட்டம்) விட்டிருக்கிறோம். அதில் தார் சின்னதாகத்தான் வரும், கேட்பதில்லை.

22 ஜனவரி 2022

இடம். 30க்கு 12இல் ஒரே வரிசையாக நாலு மரம், ஏழடிக்கு ஒன்று. ஐந்தாவதை நெருக்க வேண்டாம், ஒவ்வொன்றும் பக்கக்கன்றோடு குடும்பமாகப் பெருகும். நாள் முழுக்க வெயில் வேண்டும். மதிலின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று ஒரு நாள் நின்று பாருங்கள்.

வேர் வீட்டை வெடிக்க வைக்கும் என்று பக்கத்து வீட்டார் பயமுறுத்துவதாக எழுதியிருந்தீர்கள். வாழை வேர் நூல் கயிறு மாதிரி, பெரும்பாலும் மேல்மண்ணில் ஓரடி ஒன்றரை அடிக்குள் பரவும். அரசோ ஆலோ செய்வதை அது செய்யாது. சுவருக்கு நாலடி தள்ளி வைக்கச் சொல்வது இலைக்காக. சுவரில் உரசினால் இலை கிழிந்து நார் நாராகும்.

குழி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, ஆழமும் அதே. மக்கிய சாணம் பத்துக் கிலோ, மேல்மண், கால் கிலோ வேப்பம் பிண்ணாக்கு. குழியை ஒரு வாரம் வெயில் காய விட்டு அப்புறம் நடலாம்.

23 ஜனவரி 2022

நேற்று எழுதியதைத் திருத்துகிறேன். எங்கள் ஊர் வண்டல் மண், தண்ணீர் உடனே இறங்கிவிடும். அந்த நினைப்பில் குழியைப் பற்றி எழுதிவிட்டேன். உங்கள் பக்கம் களிமண், ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் தேங்குகிறது என்று படம் அனுப்பியிருக்கிறீர்கள். அங்கே ஒன்றரை அடிக் குழி, மழைக்காலத்தில் ஒன்றரை அடிக் கிணறு. வாழைக்குத் தண்ணீர் நிறைய வேண்டும், ஆனால் வேர் தண்ணீருக்குள் நின்றால் அழுகிவிடும்.

நீங்கள் செய்ய வேண்டியது வேறு. வரிசை நீளத்துக்கும் மூன்றடி அகலத்தில் ஒன்றேகால் அடி உயர மண்மேடு போடுங்கள். வெளியிலிருந்து மண் வாங்கினால் அது வாழைத் தோட்டத்து மண் இல்லை என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். மேட்டில் கிழங்கு மூடும் அளவுக்குப் பறித்து நட்டால் போதும். குளியலறைத் தண்ணீரை மேட்டின் ஓரம் ஒரு வாய்க்காலாக ஓட விடுங்கள், அடியில் தேக்காதீர்கள்.

6 பிப்ரவரி 2022

கன்று கிடைத்துவிட்டது என்று படித்தேன். நண்பர் வீட்டில் எட்டு ஆண்டாக நிற்கும் பூவன் கட்டையிலிருந்து இரண்டு, அதே கொல்லையில் ஏலக்கி ஒன்று. எட்டு ஆண்டு நின்ற கட்டையே நல்ல சாட்சி. நட நல்ல பருவமும் இதுதான். மாசிக்குள் நட்டுவிட்டால் மழைக்காலம் வருவதற்குள் மரம் வேர் பிடித்துவிடும்.

நடும் முன் செய்வதை எங்கள் வீட்டில் அத்தை செய்கிறபடியே சொல்கிறேன். அரிவாளால் கன்றின் தலையை ஒரு முழம் விட்டுச் சாய்வாக வெட்டுவார். பிறகு கிழங்கை மடியில் சாய்த்துக்கொண்டு பழைய வேரையெல்லாம் சீவுவார். மேல்தோலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்குவார், சேனைக்கிழங்கு தோல் சீவுவது போலத்தான். கறுப்புப் புள்ளி தென்பட்டால் அது போகும்வரை சீவுவார். போகாவிட்டால் கன்றையே தூக்கி வெயிலில் எறிந்துவிடுவார். எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் சரி. அப்புறம் களிமண்ணைத் தோசை மாவுப் பதத்தில் கரைத்து அதில் கிழங்கைப் புரட்டி எடுப்பார். தோட்டக்காரர்கள் அந்தச் சேற்றின் மேல் நூற்புழுவுக்கான குருணை மருந்து தூவுவார்கள். குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் அது வேண்டாம், நாங்கள் போடுவதில்லை.

பழைய சேலை கட்டிக்கொண்டு செய்யுங்கள். ஆண்கள் பழைய வேட்டி. வாழைக்கறை எதற்கும் போகாது.

தாயிடமிருந்து அறுத்த பக்கம் எல்லாக் கன்றிலும் ஒரே திசை பார்க்கும்படி நட்டால் தார் எல்லாம் எதிர்த் திசையில் சாயும் என்பார் அத்தை. எங்கள் கொல்லையில் நாலில் மூன்று அப்படித்தான் சாய்ந்தது. நீங்கள் அறுத்த பக்கத்தைச் சுவர்ப்பக்கமாக வைத்து நட்டுப் பாருங்கள், தார் வெளிப்பக்கம் சாய்ந்தால் முட்டுக் கொடுக்க வசதி.

27 பிப்ரவரி 2022

நாலாவதாக ரஸ்தாளிக் கன்றே வாங்கிவிட்டீர்கள். அலுவலக நண்பரின் பாட்டி வீட்டுக் கட்டை, சீவிப் பார்த்தேன், வெள்ளையாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு நாள் இதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

ரஸ்தாளியே வேண்டாம் என்று நான் சொன்னது என் மண்ணை மனதில் வைத்து. வாழையே பார்க்காத மண், தெரிந்த தாய், சுத்தமான கிழங்கு என்றால் வைக்கலாம்தான். முன்பு சொன்னதை அந்த அளவுக்கு மாற்றிக்கொள்கிறேன். ஆனால் வரிசையின் கடைசியில், தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் இடத்தில் வையுங்கள். நோய் வந்தாலும் ஓடும் தண்ணீர் அதை மற்ற மரத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. அந்த மரத்தில் பட்ட மண்வெட்டியை நன்றாகக் கழுவிக் காயவைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போங்கள்.

19 ஜூன் 2022

இலை ஓரம் கருகுகிறது என்று படம். எங்கள் வீட்டில் ஒரு முறை இதே மாதிரி வந்தது, சலவை இயந்திரத்துத் தண்ணீரை வாழைக்குத் திருப்பிய பிறகு. குளிக்கிற தண்ணீரை வாழை தாங்கும். சலவைத் தூளின் உப்பை நாள்தோறும் தாங்காது. அந்தக் குழாயை வேறு பக்கம் திருப்புங்கள்.

21 ஜூன் 2022

படத்தை இன்று கணினியில் பெரிதாக வைத்துப் பார்த்தேன். நான் சொன்னது பாதிதான் சரி. கருகலுக்கு முன்னால் ஆரஞ்சு மஞ்சளாக ஒரு பட்டை ஓடுகிறது, அதுவும் மிக முதிர்ந்த இலையில் மட்டும், நுனி உள்பக்கம் சுருண்டு. அது சாம்பல்சத்து (பொட்டாசியம்) குறை. வாடலாக இருந்தால் மட்டை ஒடிந்து தொங்கும், உங்களுடையது ஒடியவில்லை. பயப்பட வேண்டாம்.

வாழை சாம்பல்சத்தைத் தின்று வளரும் பயிர். நேந்திரன் தவிர்த்த ரகங்களுக்குத் தோட்டக்காலில் (கிணற்றுப் பாசன நிலத்தில்) மரம் ஒன்றுக்கு ஓராண்டில் தழைச்சத்து 110 கிராம், மணிச்சத்து 35 கிராம், சாம்பல்சத்து 330 கிராம் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. தழையைப் போல மூன்று மடங்கு சாம்பல்சத்து. சாணமும் காய்கறித் தோலும் மட்டும் போட்டு இதை எட்ட முடியாது. உரக்கடைப் பொட்டாஷில் 100க்கு 60 பங்கு சாம்பல்சத்து, ஆக மரத்துக்கு ஆண்டுக்கு 550 கிராம். மூன்று, ஐந்து, ஏழாம் மாதம் என்று பிரித்து, தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளிச் சுற்றிலும் பறித்துப் போட்டு மண் அணையுங்கள். உரம் வேண்டாம் என்பவர்கள் விறகுச் சாம்பலாவது போட வேண்டும், கை நிறைய இல்லை, கூடை நிறைய.

3 ஜூலை 2022

கன்று வெடித்து வந்ததைக் கொண்டாடி எழுதியிருக்கிறீர்கள். அறுத்துவிடுங்கள். குலை தள்ளும்வரை தாய்க்குப் பக்கத்தில் எதுவும் வேண்டாம், தாய் சாப்பிட வேண்டியதை அவை சாப்பிடும். மாதம் ஒரு முறை தரையோடு அறுத்து நடுக்குருத்தைக் கத்தி நுனியால் தோண்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் மறுபடி தலைநீட்டும். பூ வெளியே வந்த பிறகு ஒரே ஒரு ஈட்டிக் கன்றை விடுங்கள். அடுத்த தலைமுறை அதுதான்.

11 செப்டம்பர் 2022

வேறொருவர் விருப்பாட்சி கேட்டிருக்கிறார், சென்னையில் வைக்க. பழநிப் பஞ்சாமிர்தத்தில் சேரும் அந்த வாழையும் சிறுமலை வாழையும் மலைக்குச் சொந்தம். புவிசார் குறியீடே மலை வாழை என்றுதான் வாங்கியிருக்கிறார்கள். கீழே கொண்டுவந்து நட்டால் மரம் வரலாம், அந்த மணமும் உள்ளே இறுகிய அந்தச் சதையும் வராது. முடிக்கொத்து நோய் அந்த மலைகளில் எவ்வளவு தோட்டத்தை அழித்தது என்று திண்டுக்கல் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். இலையெல்லாம் உச்சியில் குட்டையாகக் கொத்தாக நிற்கும். அசுவினிப் பூச்சி பரப்பும் நச்சுயிரி, மருந்து கிடையாது, மரத்தைக் கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டியதுதான். அங்கிருந்து கன்று கொண்டுவருவது ருசிக்கும் உதவாது, உங்கள் தெரு வாழைக்கும் ஆபத்து.

வாழை என்றதும் இன்னொன்று நினைவு வருகிறது. மண்ணச்சநல்லூர் பக்கம் திருப்பைஞ்ஞீலிக் கோயிலில் தலமரமே ஞீலி வாழைதான். கல்யாணம் தள்ளிப் போகிறவர்கள் அங்கே வாழைக்குப் பரிகாரம் செய்வார்கள். அந்தப் பழத்தை யாரும் சாப்பிடுவதில்லை. கல்யாணத்துக்கு முன் என்னை அங்கே கூட்டிப் போனார்கள். அடர்ந்து நிற்கும் அந்த வாழைக் கூட்டத்துக்கு முன்னால் நின்றபோது இருந்த குளுமை இன்னும் உடம்பில் இருக்கிறது.

2 அக்டோபர் 2022

தண்டில் பிசின் மாதிரி வழிகிறது என்றால் தண்டுக் கூன்வண்டு. காய்ந்த மட்டையை எல்லாம் உரித்துவிடுங்கள், வண்டு அதற்குள்தான் ஒளியும். தார் வெட்டிய வாழைத்தண்டு எங்காவது கிடைத்தால் ஒன்றரை அடித் துண்டாக்கி நெடுக்காகப் பிளந்து, பிளந்த பக்கம் தரையைப் பார்க்க வையுங்கள். இரவில் வண்டு வந்து அடியில் கூடும், காலையில் பொறுக்கி அழிக்கலாம்.

10 டிசம்பர் 2022

மாண்டஸ் புயல் நேற்று இரவு மாமல்லபுரம் பக்கம் கரை கடந்தது. விடியும்வரை தூக்கம் இல்லை, உங்கள் பூவன்தான் நினைவில். குலை தள்ளிப் பத்து நாள்தான் ஆகிறது என்று போன வாரம் எழுதியிருந்தீர்கள். எப்படி இருக்கிறது?

10 டிசம்பர் 2022, மாலை

ஒரு பூவன் சாய்ந்துவிட்டது, மற்ற மூன்றும் நிற்கின்றன. சாய்ந்தது முட்டு இல்லாத மரம். முட்டு பற்றி நான் முன்பே விரிவாக எழுதியிருக்க வேண்டும், மழைக்காலம் கடலோரத்தில் என்ன செய்யும் என்று தெரிந்தும் விட்டுவிட்டேன். வருத்தமாக இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பட்டுக்கோட்டையில் அக்கா வீட்டில் தார் போட்ட எட்டு மரமும் ஒரே பக்கம் படுத்துக் கிடந்ததை நேரில் பார்த்தவள் நான்.

வாழைத்தண்டு என்பது மரமே இல்லை, ஒன்றின் மேல் ஒன்று சுற்றிய இலைமட்டை. உச்சியில் 15 கிலோ தொங்கும்போது காற்றடித்தால் ஒன்று நடுவில் ஒடியும், அல்லது கிழங்கோடு பெயரும். சவுக்குக் கம்பு இரண்டைக் கத்தரி போலக் குறுக்கே கட்டி, தார் சாயும் பக்கம் கழுத்துக்குக் கீழே முட்டுக் கொடுக்க வேண்டும். தண்டில் படும் இடத்தில் காய்ந்த சருகைச் சுற்றுங்கள், கம்பு மட்டையை அறுக்காது.

சாய்ந்த மரத்தை வீணாக்காதீர்கள். பிஞ்சுத் தாரானாலும் பூ பூதான், பொரியல் ஆகும். மடலுக்குள் ஒவ்வொரு சின்னப் பூவிலும் உள்ள கள்ளனை (வேகாத நரம்பை) மறக்காமல் எடுங்கள். தண்டை உரித்துக் கூட்டு வையுங்கள். பக்கத்தில் ஈட்டிக் கன்று இருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

5 மார்ச் 2023

நின்ற பூவனைப் பற்றி: கடைசிச் சீப்புக்குக் கீழே பூ நீண்டுகொண்டே போகும், கடைசிச் சீப்பு விரிந்ததும் நாலு விரல் விட்டு ஒடித்துவிடுங்கள். காயின் பட்டை விளிம்பு மழுங்கி உருண்டை ஆகும்போது வெட்டலாம். மரத்திலேயே பழுக்க விட வேண்டாம், அணிலும் வௌவாலும் முதலில் வந்துவிடும். வெட்டும்போது ஒருவர் தாரைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இது இரண்டு பேர் வேலை.

23 ஏப்ரல் 2023

தார் எட்டுச் சீப்பு! வாழ்த்துகள். பழுக்க வைக்கக் கடைக் கல் (கார்பைடு) எதுவும் வேண்டாம். சீப்பை அறுத்து, பால் வடிய ஒரு மணி நேரம் கவிழ்த்து வைத்து, வைக்கோல் போட்ட பானையிலோ சாக்கிலோ பழுத்த பழம் இரண்டோடு மூடிவையுங்கள். மூன்று நாளில் நிறம் மாறும். எல்லாச் சீப்பையும் ஒரே நாளில் மூட வேண்டாம், மேல் சீப்பு முதலில், கீழ் சீப்பு நாலு நாள் கழித்து.

28 மே 2023

ரஸ்தாளியும் தார் போட்டு, பழுத்து, சாப்பிட்டும் முடித்தாகிவிட்டது என்று படித்தேன். இரண்டு மூன்று பழத்தில் நடுவே கல் மாதிரி கட்டி இருந்தது என்கிறீர்கள். அது நோய் இல்லை, ரஸ்தாளிக்கு உள்ள கோளாறு, அந்த இடத்தை ஒதுக்கிவிட்டுச் சாப்பிடலாம். சீப்பிலிருந்து பழம் தானாகக் கழன்று விழுவதும் அதன் சுபாவம். அப்பா ஒரே நாளில் ஆறு பழம் சாப்பிட்டார் என்ற வரியை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். ரஸ்தாளி நம் வீட்டில் கடைசியாக எப்போது வந்தது என்று கேட்டார். 2017.

6 ஆகஸ்ட் 2023

தாம்பரத்துக்காரர் திருச்சிக்கு ஒரு கல்யாணத்துக்கு வந்தவர், வழியில் இறங்கி ரஸ்தாளி ஈட்டிக் கன்று ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். ஈரச் சாக்கில் சுற்றி, பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். அத்தை வாசல்படியில் உட்கார்ந்து சீவினார். முதல் சீவலை என் கையில் வைத்தார். ஒரு புள்ளி இல்லை.

என் மண்ணில் வைக்க முடியாது. 200 லிட்டர் நீல டிரம்மைப் பாதியாக அறுத்து, அடியில் ஏழெட்டுத் துளை போட்டு, சிமெண்டுத் தரையில் செங்கல்லின் மேல் தூக்கி வைத்து, ஏரி வண்டல், சாணம், பிண்ணாக்குக் கலந்து நட்டிருக்கிறேன். கொல்லையில் நடந்த செருப்போடு யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டேன். கொல்லை மண்வெட்டியும் அங்கே போகாது.

தொட்டியில் வாழை வருமா என்று இதற்கு முன் கேட்டவர்களுக்கு வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறேன். வேர் பரவ இடம் இல்லை, தார் சிறுக்கும், கோடையில் இரண்டு வேளை தண்ணீர். இது எல்லாம் இப்போதும் உண்மைதான். இடம் இருப்பவர்கள் தரையிலேயே வையுங்கள்.

12 மே 2024

வெயில் தாங்கவில்லை. டிரம்மின் வெளிப்பக்கம் சாக்கு சுற்றி நனைத்துவிடுகிறேன். 11 இலை. அடி இலை ஒன்று மஞ்சளானது. வயிற்றைப் பிசைந்தது. நுனி உள்பக்கம் சுருண்டிருந்தது, மட்டை ஒடியவில்லை. பொட்டாஷ் கொஞ்சம் கரைத்து ஊற்றினேன். பத்து நாளாயிற்று, அடுத்த இலை பச்சையாகவே இருக்கிறது.

15 செப்டம்பர் 2024

ரஸ்தாளியில் நேற்று வந்த இலை முழங்கை அளவுதான். அதற்கு முந்தினது ஆள் உயரம். குலை தள்ளுவதற்கு முன் வரும் கடைசிச் சின்ன இலை இது. கழுத்துப் பக்கம் தண்டு லேசாகப் பருத்திருக்கிறது, கை வைத்துப் பார்த்தால் தெரிகிறது. அத்தைக்கு இப்போது படியேற முடிவதில்லை. அதனால் கைப்பேசியில் படம் எடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். பெரிதாக்கு என்றார், இன்னும் பெரிதாக்கு என்றார்.

சவுக்குக் கம்பு இரண்டு வாங்கிவந்து சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன்.